கணிப்பொறித் தெளிப்பான்: எந்த நிலத்துக்கு எது, எவ்வாறு அமைப்பது

பயிருக்கு மருந்து தெளிக்கும் பொறிகளுள் அண்மையில் வந்து சேர்ந்திருப்பது, ஆள் ஏறாமல் வானில் பறந்து, கணிப்பொறியின் கட்டளைப்படி தெளிக்கும் சிற்றூர்தியாகும். ட்ரோன் என்னும் பெயர் மக்கள் நாவில் நிலைத்துவிட்டமையால் நாமும் அவ்வாறே வழங்குவோம். பாலக்காட்டு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தில் குமுளி, நெடுங்கண்டம், உடும்பஞ்சோலைப் பகுதிகளிலும் நம்மவர் பலர் நிலம் வைத்துப் பயிரிடுகின்றனர். அவர்களினும் மிகப் பலர் அங்கே கூலிக்குச் சென்று உழைக்கின்றனர். இப்பொறியை வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்னும் கேள்வி இவ்விரு திறத்தாருக்கும் உரியது. அதற்கு ஒரே விடை இல்லை. சித்தூரின் திறந்த வயலுக்கு ஏற்றது உடும்பஞ்சோலையின் ஏலக்காட்டுக்கு ஏற்காது. ஏன் ஏற்காது என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் இக்கேள்வியின் கனத்தை உணர்ந்துகொள்ள வேண்டும். 2017ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலத்து யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்து தெளித்த உழவரும் தொழிலாளரும் சுமார் இருபது பேர் நச்சேறி மாண்டனர். 2019ஆம் ஆண்டு ஜனவரியில் கேரளத்திலேயே, திருவல்லைக்கு அருகில் நெல்வயலில் மருந்து தெளித்த தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். முதுகில் தொட்டியைச் சுமந்து, கையால் நெம்புகோலை ஆட்டிக்கொண்டு, தான் தெளித்த புகைக்குள் தானே நடந்து செல்பவன் அந்த மருந்தை மூச்சாலும் தோலாலும் ஏற்கிறான். அவனை அப்புகையிலிருந்து விலக்கி நிறுத்துவது புதிய பொறியின் முதல் நன்மை. நேரமும் கூலியும் மிச்சமாவது அதற்கு அடுத்ததேயாகும்.

இனி, தெளித்தல் என்பது என்ன என்று பார்ப்போம். நீரைச் சிறு துளிகளாக உடைத்து இலைமேல் பரப்புவதே தெளித்தல். ஓவியக்காரரின் காற்றுத்தூரிகையும் இதைத்தான் செய்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். ஒரு லிட்டர் நீரை 200 மைக்ரான் குறுக்களவுள்ள துளிகளாக உடைத்தால் ஏறத்தாழ 24 கோடித் துளிகள் கிடைக்கும். ஓர் ஏக்கருக்குப் பத்து லிட்டர் தெளித்தால், நிலத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் அறுபதுக்குச் சற்றுக் குறைவான துளிகள் விழும். அதே நீரை 400 மைக்ரான் துளிகளாக்கினால் அவ்விடத்தில் விழுவது ஏழு துளிகளே. துளி இருமடங்கு பெருத்தால் எண்ணிக்கை எட்டில் ஒன்றாகக் குறைகிறது. கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் வரை நீர் செலவிட்ட உழவர், பத்து லிட்டர் எப்படிப் போதும் என்று ஐயுறுவது இயல்பே. போதச் செய்வது துளியின் நுண்மை.

அவ்வாறாயின் இன்னும் நுண்மையாக, 100 மைக்ரானாக உடைத்தால் மேலும் நன்றல்லவா என்று கேட்கலாம். இங்கேதான் காற்று குறுக்கிடுகிறது. அசையாத காற்றில் 100 மைக்ரான் துளி இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தரையை அடைய ஏழு விநாடிக்குமேல் ஆகும். விநாடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் இளங்காற்று வீசினால், அதற்குள் அத்துளி இருபது மீட்டருக்கு அப்பால் சென்றுவிடும். 200 மைக்ரான் துளி மூன்று விநாடிக்குள் இறங்கிவிடுவதால் எட்டு மீட்டர் அளவே விலகும். ட்ரோனின் விசிறிகள் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுவதால் இவ்விலக்கம் ஓரளவு குறையும், ஆயினும் ஒழியாது.

பாலக்காட்டில் இதனை ஏட்டுக் கணக்கென்று ஒதுக்க இயலாது. மேற்குத் தொடர்ச்சி மலை முப்பது கிலோமீட்டருக்கும் மேலான அகலத்தில் வாய்திறந்து நிற்கும் கணவாய் அது. கோவைப் பக்கத்திலிருந்து வரும் காற்று, ஏறக்குறைய நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அவ்வழியே கடுகிப் பாய்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகளை நிறுவியதற்குக் காரணமும் இக்கணவாய்க் காற்றே. முதலமடையின் மாந்தோப்புகள் பூத்து, தத்துப்பூச்சிக்கு மருந்து தேடும் பருவமும் அதுவே. அங்கே நண்பகலில் ட்ரோனை ஏவுபவர் தம் மரத்துக்கு வாங்கிய மருந்தை அடுத்த வீட்டுக் கிணற்றுக்கு அனுப்புகிறார். விடியற்காலையும் அந்திப்பொழுதுமே அதற்குரிய வேளைகள். நூறு, இருநூறு ரூபாய் மிச்சமாகிறதென்று வாடகை ட்ரோனை நடுப்பகலில் அழைப்பதை நான் சிக்கனமாகக் கருதமாட்டேன்.

அடுத்து, பூச்சி பயிரின் எப்பகுதியில் இருக்கிறது என்பது. மேலிருந்து விழும் துளி, மேலே இருக்கும் பூச்சியையே எளிதில் சேரும். நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு ட்ரோன் நன்கு உதவும். ஆனால் புகையான் தூரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பது. பயிர் அடர்ந்தபின் மேலிருந்து தெளிக்கும் சொற்ப நீர் அவ்விடத்தை அடைவது அரிது. மாமரத்திலோ உச்சியும் வெளிப்புறமும் நனையும், உட்கிளைகள் நனையாமல் தப்பிவிடும். ஆகவே தோப்பு முழுவதற்கும் ஒப்பந்தம் பேசுவதற்கு முன், இரண்டு மூன்று மரங்களில் வெறும் நீரைத் தெளிக்கச் செய்து பார்ப்பதே முறை. நீர் பட்டால் மஞ்சள் நிறம் நீலமாக மாறும் சோதனைத் தாள்கள் கிடைக்கின்றன. அவற்றை மேலிலை, நடுவிலை, உள்ளிலைகளில் குத்திவைத்தால் எங்கே எத்தனை துளி விழுந்தது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். விற்பனையாளர் சொல்வதைவிட அத்தாள் சொல்வது நம்பத்தக்கது.

ஏலத்தின் நிலை முற்றிலும் வேறு. ஏலச்செடி காட்டு மரங்களின் நிழலில் வளர்வது. செடியே ஓராள் உயரத்தை மிஞ்சி நிற்க, அதன்மேல் மரக்கூரை கவிந்திருக்கிறது. ட்ரோன் அக்கூரைக்கு மேலே பறந்தால் மருந்து மரத்தின் இலைக்குப் போய்ச் சேரும். கீழே பறந்தால் கிளையில் மோதும். அதைவிடப் பெரிய தடை ஒன்றுண்டு. ஏலத்தின் பூவும் காயும் செடியின் உச்சியில் இல்லை. தூரடியிலிருந்து கிளம்பும் சரங்களில், தரையை ஒட்டிக் கிடக்கின்றன. காயைச் சொரசொரப்பாக்கி விலையைக் கெடுக்கும் பேன் அச்சரத்தில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் காயை அழுகச் செய்யும் பூசணமும் அங்கேயே தாக்குகிறது. அழுகலுக்கு இடும் போர்டோக் கலவையோ, 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் கரைப்பது. தடித்த அக்கலவை ட்ரோனின் நுண்ணிய துளைகளை விரைவில் அடைத்துவிடும். ஆதலின் ஏலக்காட்டில் விசைத்தெளிப்பானும் நீண்ட குழாயும், அல்லது அழுத்தத்தைத் தானே சீராக வைத்திருக்கும் மின்கல முதுகுத் தெளிப்பானுமே இன்றைக்கு ஏற்றவை.

அப்படியானால் அங்கே தெளிப்பவன் புகைக்குள்ளேயே நிற்கிறான் என்பதை மறத்தலாகாது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறும் தேனி மாவட்டத்துத் தொழிலாளருக்குக் கணிப்பொறி இன்னும் விடுதலை அளிக்கவில்லை. ட்ரோன் வாங்க எண்ணிய ஏலத்தோட்டக்காரர் அப்பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கையுறை, முகமூடி, காலணி, மாற்றுடை ஆகியவற்றுக்கும், ஒழுகாத குழாய் இணைப்புக்கும் செலவிடுவாராயின் அதுவே சிறந்த தேர்வாகும். தெளித்த தோட்டத்தில் உடனே காயெடுக்கப் பெண்களை அனுப்பாதிருப்பதற்குப் பணமும் வேண்டியதில்லை.

இனித் திறந்த நிலமுடையோர் பொறியைத் தேர்ந்தெடுக்கும் முறை. பத்து லிட்டர் தொட்டியுடைய வகை சிறு உழவர்க்குப் போதும். நிறைந்த தொட்டியுடன் அதன் எடை 25 கிலோவுக்குள் இருக்குமாயின், 2021 ஆகஸ்டு 25ஆம் நாள் வெளியான ட்ரோன் விதிகளின்படி அது ‘சிறு’ வகையுள் அடங்கும். அதற்கு வகைச் சான்றிதழும் தனி அடையாள எண்ணும் வேண்டும். இயக்குபவர் தொலைவு இயக்குநர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறிய, 18 முதல் 65 வயதுவரையுள்ள எவரும் பயிற்சி பெற்று அச்சான்றிதழை அடையலாம். கைத்தெளிப்பில் கூலி இழக்கும் இளைஞருக்கு இது ஒரு வாயில். 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. ஆகவே சான்றிதழ் காட்டாமல் மலிவு விலை பேசுவோரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

தெளிமுனையில், அதாவது நாசிலில், இருவகை உண்டு. ஒன்று அழுத்தத்தால் நீரைத் துளைவழியே பீச்சுவது. மற்றது சுழலும் தட்டின் விளிம்பிலிருந்து நீரைச் சிதறச் செய்வது. பின்னதில் தட்டின் வேகத்தை மாற்றித் துளியின் அளவை மாற்றலாம். முன்னது விலை குறைவு, பழுது பார்ப்பதும் எளிது. எனக்குக் கேட்டால், பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ உதிரிப்பாகம் கிடைக்கும் பொறியையே வாங்கச் சொல்வேன். ஒரு மின்கலம் ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து நிமிடமே தாங்குமாதலால், ஒரு நாள் வேலைக்கு ஒன்று போதாது. மாற்று மின்கலங்களும் மின்னேற்றியும் சேர்த்தே விலையைக் கணக்கிட வேண்டும். நான்கைந்து ஏக்கர் உள்ளவர் தனியே வாங்குவதைக் காட்டிலும் கூட்டாக வாங்குவதோ வாடகைக்கு அமர்த்துவதோ மேல். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்காக 2023இல் தொடங்கப்பெற்ற திட்டத்தில் விலையில் எண்பது விழுக்காடு, எட்டு லட்சம் ரூபாய் வரை, உதவித்தொகையாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய உதவிகள் ஆண்டுக்காண்டு மாறுவன. தற்போதைய நிலையைத் தம் ஊராட்சியின் கிருஷி பவனில் கேட்டறிக.

வாங்கிய பொறியை வயலில் அமைக்கும்போது முதலில் திசைகாட்டியைச் சரிபார்க்க வேண்டும். இரும்புக் கொட்டகை, மின்மாற்றி, டிராக்டர் ஆகியவற்றுக்கு அருகில் அதைச் செய்யலாகாது. பின்னர் வயலின் எல்லையை வரைபடத்தில் குறித்தல். சாதாரணச் செயற்கைக்கோள் வழிகாட்டி இரண்டு மூன்று மீட்டர் பிழைபடக்கூடும்; எனவே வரப்பை ஒட்டியே கோடு போடாமல் சற்று உள்வாங்கிக் குறிக்க வேண்டும். மின்கலம் தீரும்போது ட்ரோன் தானே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். அவ்வாறு திரும்பும் உயரத்தை, அங்குள்ள மிக உயர்ந்த தென்னைக்கும் மின்கம்பிக்கும் மேலாக அமைத்திட வேண்டும். சித்தூர்ப் பக்கத்து வரப்புகளில் தென்னை இல்லாத வரப்பு எது?

அடுத்தது அளவுதிருத்தம். விநாடிக்கு நான்கு மீட்டர் வேகம், நான்கு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், பொறி ஒரு நிமிடத்தில் 960 சதுர மீட்டர் தெளிக்கும். ஓர் ஏக்கர் 4047 சதுர மீட்டர். நாலேகால் நிமிட வேலை. ஏக்கருக்குப் பத்து லிட்டர் வேண்டுமாயின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.4 லிட்டர், நான்கு நாசில்களாயின் ஒவ்வொன்றும் 600 மில்லிலிட்டர் பாய வேண்டும். வெறும் நீரை ஊற்றி, ஒவ்வொரு நாசிலின் கீழும் அளவுக் குவளை வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஒன்று 600, மற்றொன்று 480 என்று வருமாயின் கணிப்பொறி அப்பிழையை அறியாது. அது திரையில் மொத்தக் கணக்கைச் சரியென்றே காட்டும். வயலில் மட்டும் கோடுகோடாகப் பூச்சி பிழைத்திருக்கும்.

மருந்து கலக்கும் இடத்தில்தான் நான் அதிகமாக அஞ்சுகிறேன். ஏக்கருக்குரிய மருந்தின் அளவு மாறுவதில்லை. நீர் மட்டுமே 200 லிட்டரிலிருந்து பத்தாகக் குறைகிறது. எனவே ட்ரோன் தொட்டியிலுள்ள கலவை பழைய கலவையைப் போல் இருபது மடங்கு கடுமை வாய்ந்தது. தெளிப்பவன் தப்பினான், கலப்பவன் தலையில் ஆபத்து ஏறியது. இயக்குநர் தொலைவில் நிற்க, வெறுங்கையுடன் ஒரு சிறுவனைத் தொட்டி நிரப்ப விடுவது சிறிதும் ஒப்பத்தக்கதன்று. ஒவ்வொரு மருந்தும் இக்கடுமையில் இலையைக் கருக்காது என்றும் சொல்ல முடியாது. 2022 ஏப்ரலில் 477 மருந்துகளுக்கு ட்ரோனில் பயன்படுத்த இரண்டாண்டுக்கால இடைக்கால அனுமதி தரப்பட்டது. இப்போது எம்மருந்துக்கு அனுமதி உள்ளது என்பதைச் சீட்டிலும் வேளாண் அலுவலரிடமும் பார்த்தே வாங்க வேண்டும்.

சீட்டைப் பற்றி, மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சொல். சீட்டுகளில் அளவு பெரும்பாலும் ஹெக்டேருக்கு எழுதப்படுகிறது. நம்மவர் எண்ணுவதோ ஏக்கரிலும் சென்டிலும். ஹெக்டேர் இரண்டரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. ஹெக்டேர் அளவை ஏக்கருக்கு ஊற்றினால் மருந்து இரண்டரை மடங்காகிவிடும். பொறியின் திரை ஆங்கிலத்திலும், கடைக்காரர் விளக்கம் மலையாளத்திலும், கலப்பவரின் மொழி தமிழிலுமாக இருக்கும் எல்லையூர்களில் இப்பிழை நேர்வது எளிது. ‘ஏக்கருக்கு இவ்வளவு மருந்து, இவ்வளவு நீர்’ என்று தமிழில் ஒரு தாளில் எழுதித் தொட்டியருகில் ஒட்டிவைப்பதற்குச் செலவொன்றுமில்லை. எழுத்தறியாதார்க்கு முக்கோண நிறங்கள் உதவும்: நச்சுத்தன்மை மிகக் கொடியதிலிருந்து இறங்குமுகமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை.

வானிலிருந்து மருந்து தெளித்தல் என்றாலே கேரள மக்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 1970களின் இறுதி தொடங்கி 2000ஆம் ஆண்டுவரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அதன் துன்பம் இன்னும் பேசப்படுகிறது. 2011 மே 13ஆம் நாள் உச்சநீதிமன்றம் அம்மருந்தை நாடெங்கும் தடைசெய்தது. இரண்டு மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோன் வேறு, அந்த ஹெலிகாப்டர் வேறு என்று வாதிடுவதற்கு முன், அண்டை வீட்டாருக்கு முதல்நாளே தெரிவித்து, கிணற்றை மூடச் சொல்லி, தேன்பெட்டி வைத்திருப்போரிடமும் கூறிவிடுதல் வேண்டும். வேலை முடிந்தபின் தொட்டியையும் குழாயையும் நல்ல நீரால் மும்முறை அலசி, அந்நீரைத் தெளித்த வயலிலேயே ஊற்றிவிட வேண்டும். சித்தூர்ப்புழை வாய்க்காலில் அலசினால், கீழேயுள்ள ஊர்க்காரர்கள் அந்நீரில்தான் குளிக்கிறார்கள்.