தினாரைப் பெருக்குமுன்

நாயுடுபேட்டையிலிருந்து குவைத்துக்கு வேலைக்குச் செல்வோர் எங்களிடம் முதலில் கேட்பது, ஒரு தினாருக்கு எத்தனை ரூபாய் என்பதே. பெருக்கிப் பார்த்து, விமானம் ஏறுமுன்பே வீட்டுக்கடன் தவணையையும் முடிவுசெய்துவிடுகின்றனர். அங்கே சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பது உண்மையே. ஆயினும் செலவும் தினாரில்தான். ஆயிரம் ஃபில்ஸ் கொண்டது ஒரு தினார். 100 ஃபில்ஸ் கையில் சில்லறையாகத் தோன்றும், நம் ஊரிலோ இரண்டு தேநீருக்குக் காணும். ஆதலால் முதல் ஆறு மாதங்களுக்கு அனுப்பவிருக்கும் தொகையை வீட்டாரிடம் குறைத்தே சொல்லுங்கள்.

வெளிநாட்டுவாசி ஆனபின் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும். ஊர் வாடகை வருவாய் அதில் சேரும். அங்கு ஈட்டுவதை என்.ஆர்.இ. கணக்கில் இட்டால், வட்டிக்கு இங்கு வருமான வரி இல்லை. கடவுச்சொல்லை மனைவியிடம் கொடுத்துச் செல்வோர் உண்டு, அது வேண்டாம். உள்ளூர்ச் செலவுகளுக்கு அவர் பெயரில் அதிகார ஆணைப் படிவம் அளித்தாலே போதும்.