பிள்ளைக்குப் பெயர்: பெற்றோரின் முதல் மஷூரா

இல்லத்தில் மகவு ஒன்று பிறந்ததும் அதன் வலது செவியில் பாங்கு ஓதப்படுகிறது. மென்ற பேரீத்தம் பழம் நாவில் தடவப்படுகிறது. உற்றார் உறவினர் வந்து வாழ்த்தி, துஆச் செய்து செல்கின்றனர். இத்தனை மகிழ்ச்சிக்கும் நடுவே, "என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள்?" என்னும் கேள்வி எழுந்தவுடன் பல வீடுகளில் முகங்கள் வாடிவிடுகின்றன. அன்பிற்குரிய வாசகர்களே! இஃது உங்கள் இல்லத்திலும் நிகழ்ந்திருக்கலாம்.

அண்மையில் ஓர் இளம் தம்பதியர், பிறந்து நாற்பது நாள் நிறைந்த ஆண் மகவுடன் எம் இல்லம் வந்தனர். துஆச் செய்வதற்காகக் குழந்தையை என் கையில் கொடுத்தனர். "பிள்ளையின் பெயர் என்ன?" என்று வினவினேன். இருவரும் தலை கவிழ்ந்தனர்.

"ஹஜ்ரத், என் வாப்பா மவுத்தாகி ஓராண்டு ஆகிறது. அவர்கள் பெயர் அப்துல் காதர். அதை வைக்கவே விரும்புகிறேன்" என்றார் கணவர்.

"மாமாவின் பெயரை நான் குறை சொல்லவில்லை, ஹஜ்ரத். இது ரமலானில் பிறந்த பிள்ளை. ரய்யான் என்று வைக்க வேண்டுமென்று வயிற்றில் இருக்கும்போதே நிய்யத் வைத்திருந்தேன்" என்றார் அந்தப் பெண்மணி.

ஒரு பெயர், பேராற்றலுடைய இறைவனின் அடியான் எனப் பொருள்படுவது. நம் நாட்டு முஸ்லிம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகப் போற்றப்பட்டு வருவது. மற்றது, நோன்பாளிகள் மட்டுமே நுழையும் சுவர்க்க வாயிலின் பெயர். இரண்டிலும் குறையில்லை. நல்லதற்கும் தீயதற்கும் இடையே தீர்ப்புச் சொல்வது எளிது. நல்லதற்கும் நல்லதற்கும் இடையே நின்று சொல்வதுதான் கடினம்.

கணவர் மெல்லக் கேட்டார்: "பெயர் வைக்கும் உரிமை தந்தைக்குத்தானே, ஹஜ்ரத்?"

உரிமை யாருக்கு?

அவர் கேட்டதில் உண்மை உண்டு. ஹிஜ்ரி 751-இல் (கி.பி. 1350) மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள், பிறந்த குழந்தையைப் பற்றிய சட்டங்களுக்கென்றே 'துஹ்ஃபதுல் மவ்தூத்' என்னும் நூலை யாத்தவர்கள். பெற்றோரிடையே பெயர் குறித்துப் பிணக்கு ஏற்படின் உரிமை தந்தைக்கே உரியது என்று அதில் எழுதியுள்ளார்கள். பிள்ளைகள் தந்தையரின் பெயரோடு சேர்த்தே அழைக்கப்பட வேண்டும் என்பது திருக்குர்ஆனின் (33:5) கட்டளையாதலின், இவ்வுரிமை அவரைச் சார்கிறது.

ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். பிணக்கு தீராதபோது அதை முடித்து வைப்பதற்காகச் சொல்லப்பட்ட சட்டம் அது. பேச்சைத் தொடங்கும் முன்னரே மனைவியின் வாயை அடைப்பதற்காகச் சொல்லப்பட்டதன்று. உரிமை இருப்பது வேறு. அதை எடுத்து வீசுவது வேறு.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு எளிதில் வந்துவிடவில்லை. எங்கள் மூத்த மகள் பிறந்தபோது நான் மதரஸாவில் பட்டம் பெற்று வெளியே வந்த புதிது. காலஞ்சென்ற தம் தமக்கையின் நினைவாக 'மர்யம்' என வைக்கலாமா என்று என் மனைவி கேட்டார். நானோ 'ருகையா' என முடிவு செய்திருந்தேன். மேற்சொன்ன சட்டத்தை எடுத்துரைத்தேன். "கிதாபு ஓதியவர் நீங்கள். நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று அவர் அடங்கிவிட்டார். அதைச் சம்மதம் என எண்ணிக்கொண்டேன்.

ஆண்டுகள் சென்றன. அவர் அக்குழந்தையைப் 'புள்ளே' என்றும் 'கண்ணே' என்றும் அழைப்பாரேயன்றிப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. ஒரு நாள் காரணம் கேட்டேன். "அந்தப் பெயரில் எனக்குப் பங்கில்லையே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று சட்டத்தில் நான் வென்றேன். இல்லறத்தில் தோற்றேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று.

பாலுக்கே ஆலோசனை எனில்...

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 233-ஆம் வசனத்தைப் பாருங்கள். குழந்தையின் பால்குடிக் காலம் இரண்டாண்டு. அதற்கு முன்னரே பாலை நிறுத்த விரும்பினால், தாயும் தந்தையும் ஒருவரோடொருவர் கலந்தாலோசித்து, இருவரும் மனமொப்பி முடிவு செய்தால் குற்றமில்லை என அல்லாஹ் அருளுகின்றான். இவ்வசனம் எங்கே இடம்பெற்றுள்ளது? தலாக்கைப் பற்றிய வசனங்களுக்கு நடுவே! மனம் கசந்து பிரியும் பெற்றோர்கூடப் பிள்ளையின் காரியத்தில் கலந்து பேச வேண்டும் என்பது இதனால் விளங்குகிறதன்றோ? சில மாதங்களில் முடிந்துவிடும் பாலுக்கே மஷூரா வேண்டுமெனில், கபுறு வரை கூட வரும் பெயருக்கு எவ்வளவு வேண்டும்!

மனைவியின் ஆலோசனையை ஏற்பது ஆண்மைக்கு இழுக்கு என எண்ணுவோர், ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டின் ஹுதைபிய்யா நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டும். உடன்படிக்கையால் மனம் தளர்ந்திருந்த ஸஹாபாக்கள், குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு பணிக்கப்பட்டும் எழாமல் இருந்தனர். அப்போது அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள், யாரிடமும் பேசாமல் தாங்களே முதலில் அதைச் செய்யுங்கள் என யோசனை கூறினார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவ்வாறே செய்தார்கள். ஸஹாபாக்களும் எழுந்து பின்பற்றினர். ஒரு சமுதாயத்தின் சிக்கல் கூடாரத்தினுள் ஒரு மனைவியின் சொல்லால் தீர்ந்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். மர்யம் (அலை) அவர்களுக்கு அப்பெயரைச் சூட்டியவர் யார்? அவர்களைப் பெற்ற அன்னையே. 'இவளுக்கு மர்யம் எனப் பெயரிட்டேன்' என்னும் கருத்தில் அத்தாய் இறைவனிடம் முறையிட்டதைத் திருக்குர்ஆன் (3:36) எடுத்துக் கூறுகிறது. தந்தை இம்ரான் அதற்கு முன்னரே மறைந்துவிட்டார் எனத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்கம் தருவர். எனினும் ஒரு தாய் சூட்டிய பெயரே ஓர் அத்தியாயத்தின் பெயராக இன்றும் ஓதப்படுகிறது.

விட்டுக்கொடுத்தவரும் மறுத்தவரும்

அலீ (ரலி) அவர்கள் மாவீரர். தமக்கு மகன் பிறந்ததும் 'ஹர்ப்' எனப் பெயரிட்டார்கள். போர் என்பது அதன் பொருள். பேரனைக் காண வந்த பெருமானார் (ஸல்) அவர்கள் அதை மாற்றி, அழகன் எனப் பொருள்படும் 'ஹஸன்' என்னும் பெயரைச் சூட்டினார்கள். அடுத்த மகனுக்கும் அலீ (ரலி) அவர்கள் 'ஹர்ப்' என்றே பெயரிட, அதுவும் 'ஹுஸைன்' என மாற்றப்பட்டதாக முஸ்னத் அஹ்மதில் வரும் அறிவிப்புக் கூறுகிறது. ஆசை எத்துணை ஆழமாக இருந்திருந்தால் இரண்டாம் முறையும் அதே பெயரை வைத்திருப்பார்கள்! இருந்தும் விட்டுக்கொடுத்தார்கள். அதனால் உலகுக்குக் கிடைத்தவை ஹஸன், ஹுஸைன் என்னும் திருப்பெயர்கள்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் புகாரியில் உண்டு. ஸஈத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களின் பாட்டனார் பெயர் 'ஹஸ்ன்'. கரடுமுரடான நிலம் என்பது பொருள். அதை 'ஸஹ்ல்', அதாவது இலகுவானது, என மாற்றிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, தந்தை வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அதன் பின் அக்கடுமை எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது எனப் பேரரே வருந்திக் கூறியுள்ளார்கள். தந்தை மீது பற்று வைப்பது நன்றே. அப்பற்று பிடிவாதமாக முற்றும்போது அதன் சுமை பின்வரும் தலைமுறையின் தோளில் ஏறுகிறது.

எவை விலக்கத்தக்கவை?

இருவரின் விருப்பத்திற்கும் மேலாக ஷரீஅத்தின் எல்லை ஒன்று உண்டு. அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானவை அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என்னும் பெயர்கள் என்பது முஸ்லிமில் பதிவான ஹதீஸ். நபிமார்களின் பெயர்களும் ஸாலிஹான நல்லோரின் பெயர்களும் சிறந்தவை. அல்லாஹ் அல்லாத ஒருவரின் அடிமை எனப் பொருள்படுவதும், இறைவனுக்கே உரிய பெயரை மனிதனுக்குச் சூட்டுவதும் ஆகா. தீய பொருள் தருவதும் ஆகாது. மாறு செய்பவள் எனப் பொருள்பட்ட 'ஆஸியா' என்னும் பெயரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் 'ஜமீலா' என மாற்றினார்கள். ஃபிர்அவ்னின் துணைவியாரான அன்னை ஆசியா அவர்களின் பெயர் இதுவன்று. அரபியில் அதன் எழுத்து வேறு, பொருளும் வேறு. ஓர் எழுத்து மாறினால் பொருள் எவ்வளவு மாறுகிறது, பாருங்கள்! கைப்பேசியில் கண்ட பெயரை அப்படியே வைத்துவிடாமல், ஓர் ஆலிமிடம் பொருள் கேட்டறிவது நலம்.

பெயரைச் சிதைப்பதும் கூடாது. 'அப்துர் ரஹ்மான்' என வைத்துவிட்டு 'ரஹ்மான்' எனக் கூவி அழைக்கிறோம். அது அல்லாஹ்வின் பெயரன்றோ? 'அப்துல்' என்று மட்டும் அழைப்போரும் உளர். 'இன்னாரின் அடியான்' என்பதில் 'அடியான்' மட்டும் மிஞ்சி, யாருடைய அடியான் என்பது விடுபட்டு நிற்கிறது.

மனம் ஒன்றுபட வழி

பிரசவத்திற்கு முன்னரே பேசத் தொடங்குங்கள். இருவரும் தத்தமக்குப் பிடித்த பெயர்களைப் பொருளோடு எழுதுங்கள். ஒருவர் மனம் ஒப்பாத பெயரை மற்றவர் வற்புறுத்த வேண்டாம். இந்தப் பிள்ளைக்கு ஒருவர், அடுத்த பிள்ளைக்கு மற்றவர் என முறை வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. எதுவும் இயலாதபோது சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாம். மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்புக்காகப் பெரியோர் எழுதுகோல்களை எறிந்து பார்த்ததைத் திருக்குர்ஆன் (3:44) கூறுகிறது. பயணத்தில் எந்த மனைவியை உடன் அழைத்துச் செல்வது என்பதற்கு நபி (ஸல்) அவர்களும் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள்.

ஏழாம் நாள் அகீகா கொடுத்துப் பெயர் சூட்டுவது சுன்னத். எனினும் சண்டையிட்டு அவசரமாக வைப்பதைவிடச் சில நாள் பொறுத்துச் சமாதானமாக வைப்பது மேல். நம் நாட்டில் 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயரை மட்டும் பின்னர் சேர்க்கலாம். 12 மாதங்கள் வரை அதற்குக் கட்டணமில்லை. எழுத்துப் பிழையின்றி எழுதிக் கொடுப்பதும் பெற்றோர் கடமையே.

அந்த இளைஞரிடம் இவற்றைச் சொல்லி, "உங்கள் உம்மாவிடம் கேட்டீர்களா?" என வினவினேன். கேட்கவில்லை என்றார். மறு வாரம் திரும்பி வந்தார்கள். உம்மா சொன்னாராம்: "அந்தப் பெயரை வைத்தால் என் பேரனை நான் எப்படிக் கூப்பிடுவேன்? அவர்கள் இருந்த காலத்திலேயே என் நாவு அதைச் சொன்னதில்லையே!"

அதைக் கேட்டு இளைஞர் ரய்யான் என்றே இருக்கட்டும் என்றார். மனைவியோ, மாமாவின் பெயர் வீட்டில் மறைந்துவிடலாகாது என்றார். சென்ற வாரம் தம் விருப்பத்திற்காக வாதாடிய இருவரும், இப்போது மற்றவரின் விருப்பத்திற்காக வாதாடினர். பிள்ளைக்கு 'ரய்யான் அப்துல் காதர்' எனப் பெயரிட்டோம். பாட்டியார் தயக்கமின்றி 'ரய்யான்' என்றே அழைக்கிறாராம்.

எங்களுக்கு இரண்டாம் மகள் பிறந்தபோது நான் சட்டம் எதையும் எடுக்கவில்லை. "நீங்களே சொல்லுங்கள்" என்றேன். என் மனைவியின் கண்கள் கலங்கின. அக்குழந்தையின் பெயர் மர்யம். அன்றிலிருந்து மூத்தவளையும் அவர் ருகையா என்று வாய் நிறைய அழைக்கத் தொடங்கினார்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு அழகிய பெயர்களையும், அப்பெயர்களை ஒரே குரலில் அழைக்கும் பெற்றோரையும் தந்தருள்வானாக! ஆமீன்.