270ஐத் தொடும்வரை தூங்கும் சட்டம்

அமெரிக்க அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7 அன்று நடக்கிறது. அதற்கு மூன்றரை மாதம் முன்னால் ஜூலை 20 என்று இன்னொரு தேதி இருக்கிறது. வாசகர் கடிதங்களில் வரும் குழப்பம் பெரும்பாலும் அந்தத் தேதியைச் சுற்றித்தான். நாடு முழுக்க அதிக வாக்கு வாங்கியவருக்கே தேர்வாளர்களைத் தரும் தேசிய மக்கள் வாக்கு ஒப்பந்தத்தில் சேர கலிபோர்னியா 2011இலேயே சட்டம் இயற்றியிருந்தும் 2016இல் ஹிலாரி கிளிண்டனுக்கு அது ஏன் உதவவில்லை என்று சிலர் கேட்கிறார்கள். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் முறையான எலக்டோரல் காலேஜையே ஒழித்துவிட்டதாக எங்கோ படித்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். ஒழிக்கவில்லை. சட்டம் இருக்கிறது, ஆனால் அது இன்னும் விழிக்கவில்லை. 270 தேர்வாளர் வாக்குகள் கொண்ட மாநிலங்கள் சேரும்வரை அது விழிக்காது. சேர்ந்தாலும் ஜூலை 20 அன்று அந்தக் கூட்டு கலையாமல் இருந்தால்தான் அந்த ஆண்டுத் தேர்தலுக்குச் செல்லும். மொத்தம் 538 தேர்வாளர்கள், வெல்ல 270 என்ற கணக்கு வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அமெரிக்க முற்போக்கு அணியினரின் கோரிக்கைப் பட்டியல் நீளமானது. செனட்டில் பேசியே மசோதாவைக் கொல்லும் ஃபிலிபஸ்டரை ஒழிப்பது, உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்குக் கால வரம்பு, தலைநகர் வாஷிங்டனுக்கு மாநில அந்தஸ்து என்று போகும். அவற்றுக்கெல்லாம் நாடாளுமன்றமோ அரசியல் சட்டத் திருத்தமோ வேண்டும். தேசிய மக்கள் வாக்கு ஒப்பந்தம் மட்டும் இரண்டும் தேவையில்லை என்று சொல்லிக்கொள்கிறது. நேர்வழியை முயன்று பார்க்காமலும் இல்லை. தேர்வாளர் முறையை நீக்கும் திருத்தம் 1969இல் பிரதிநிதிகள் அவையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான ஆதரவோடு நிறைவேறியது. அதிபர் நிக்ஸனும் ஆதரித்தார். 1970 செப்டம்பரில் செனட்டில் தென் மாநில உறுப்பினர்கள் முன்னின்று அதை ஃபிலிபஸ்டரில் மாட்டினார்கள். விவாதத்தை முடிக்கும் தீர்மானத்துக்கு 54 பேர் ஆதரவு, 36 பேர் எதிர்ப்பு. தேவைப்பட்ட மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கவில்லை. பட்டியலில் உள்ள ஒரு சீர்திருத்தத்தை, அதே பட்டியல் ஒழிக்கச் சொல்லும் நோயே கொன்றது.

2000இல் அல் கோர் நாடு முழுக்க ஐந்து லட்சத்துக்கும் மேல் கூடுதலாக வாங்கியும், ஃபுளோரிடாவில் 537 வாக்கில் தோற்று வெளியேறினார். அடுத்த ஆண்டே சட்டப் பேராசிரியர்களான அகில் அமர், விக்ரம் அமர் சகோதரர்களும், தனியாக ராபர்ட் பென்னட்டும் ஒரு குறுக்குவழியைச் சொன்னார்கள். தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு மாநிலச் சட்டமன்றங்களிடமே விட்டிருக்கிறது. அப்படியானால் தன் மாநிலத்தில் வென்றவருக்குப் பதிலாக, நாடு முழுக்க அதிக வாக்கு வாங்கியவருக்கே தன் தேர்வாளர்களைத் தருகிறேன் என்று ஒரு சட்டமன்றம் முடிவெடுப்பதை யார் தடுக்க முடியும்? இதை ஓர் இயக்கமாக்கியவர் கணினி அறிஞர் ஜான் கோஸா. சுரண்டிப் பார்க்கும் லாட்டரிச் சீட்டை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். வாய்ப்புக் கணக்கு அவருக்குப் புதிதில்லை. 2007இல் மேரிலாந்து முதலில் சேர்ந்தது. 2024 ஏப்ரலில் மெய்ன் சேர்ந்தபோது 17 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் சேர்த்து 209 ஆனது.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், அந்த 270 நிபந்தனையில்தான். ஒரு மாநிலம் மட்டும் தனியே இப்படிச் செய்தால் அது ஏமாளி. தன் மக்கள் ஒருவருக்கு வாக்களிக்க, தேர்வாளர்களை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்து மாநிலம் பழைய வழியிலேயே நடப்பதை வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கும். அதனால் ஒப்பந்தம் சீட்டுப் பிடிப்பது மாதிரி: ஆள் நிறையாமல் சீட்டு தொடங்காது, யாரும் முதல் தவணை கட்ட வேண்டியதில்லை. முதலில் சேர்ந்த மேரிலாந்துக்கு 2008 முதல் 2024 வரை ஐந்து தேர்தல்களில் ஒரு காசு நட்டமில்லை. ஆள் நிறைந்துவிட்டால் சேராத மாநிலங்களின் சம்மதம்கூட வேண்டாம். டெக்ஸாஸ் கையெழுத்திடாவிட்டாலும் டெக்ஸாஸில் விழுந்த ஒவ்வொரு வாக்கும் கூட்டலில் சேரும். 270ஐ உறுப்பு மாநிலங்களே தந்துவிடுவதால் மீதிப் பேர் என்ன செய்தாலும் முடிவு மாறாது. அரசியல் சட்டத்தில் ஒரு சொல்லையும் தொடாமல் அதன் விளைவை மட்டும் மாற்றும் இந்த வேலையை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் முக்கால் தூரம் கடந்துவிட்டோம் என்று ஆதரவாளர்கள் சொல்லும்போது நம்பக் கூடாது. 270இல் 209 முக்கால் பங்குதான். கூட்டல் கழித்தலில் பொய்யில்லை, வழியைச் சொல்வதில்தான். அந்த 209இல் இருக்கும் ஒவ்வொரு மாநிலமும் 2024இல் மாநில அளவில் கமலா ஹாரிஸ் வென்றது. ஹாரிஸ் வென்றவற்றில் அந்தக் கணக்குக்கு வெளியே நின்றவை விர்ஜினியாவும் நியூ ஹாம்ப்ஷயரும் மட்டுமே. இரண்டையும் சேர்த்தாலும் 226தான். மீதி 44 வாக்குகள் டிரம்ப் வென்ற மாநிலங்களிலிருந்து வந்தே ஆக வேண்டும். அதாவது பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், அரிசோனா போன்ற இழுபறி மாநிலங்கள். 2024இல் இரு கட்சிகளும் தவமிருந்த ஏழு மாநிலங்களின் 93 தேர்வாளர்களில் ஏறக்குறைய பாதி வேண்டும். நாலாண்டுக்கொரு முறை வேட்பாளர்கள் வாசலில் வந்து நிற்கும் அந்தஸ்தை இந்த மாநிலங்கள் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? கையில் ஆறே தேர்வாளர்களை வைத்திருக்கும் நெவாடாவில், 2019இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஜனநாயகக் கட்சி ஆளுநரே நிராகரித்தார். தேசிய அளவில் தன் மாநிலத்தின் பங்கு குறையும் என்பதே அவர் கவலை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. இந்த எந்திரம் எந்த ஆண்டில் உண்மையில் வேலை செய்ய வேண்டும்? மக்கள் வாக்கும் தேர்வாளர் வாக்கும் வெவ்வேறு பக்கம் போகும் ஆண்டில் மட்டும்தான். மற்ற ஆண்டுகளில் வென்றவரின் எண்ணிக்கையை அது ஊதிப் பெரிதாக்கும், அவ்வளவே. 2016ஐ எடுத்துக்கொள்வோம். கிளிண்டன் சுமார் 28.7 லட்சம் வாக்குகள் முன்னிலை. ஒப்பந்தம் அமலில் இருந்திருந்தால் கலிபோர்னியாவும் நியூயார்க்கும் புதிதாக எதையும் செய்திருக்காது. அவர்கள் தேர்வாளர்கள் எப்படியும் கிளிண்டனுக்குத்தான். தம் மக்களின் தீர்ப்புக்கு எதிராகத் தேர்வாளர்களைத் தர வேண்டியவை, கடைசியாகச் சேர்ந்து 270ஐ நிரப்பிய இழுபறி மாநிலங்கள். ஒப்பந்தத்தின் முழுப் பாரமும் அந்த இரண்டு மூன்று மாநிலங்கள் மேல் விழும். அங்கேதான் சட்டமன்றமும் கைமாறிக்கொண்டே இருக்கும். 2022இல் மிச்சிகனின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சி வசமாயின. 2024இல் கீழவை மறுபடியும் குடியரசுக் கட்சிக்குப் போய்விட்டது. ஜூலை 20க்கு முன் எந்த மாநிலமும் தன் சட்டத்தை ரத்து செய்து வெளியேறலாம். ஒரு மிச்சிகன் போனாலே 15 குறையும், கூட்டு 270க்குக் கீழே இறங்கும், எல்லாம் பழையபடி தூங்கப் போய்விடும். நாலாண்டுக்கொரு முறை நவம்பரில் நடக்கும் சண்டையோடு ஜூலையிலும் ஒரு சண்டை சேரும்.

ஜூலை 20க்குப் பிறகு வெளியேற முடியாது என்று ஒப்பந்தம் பூட்டுப் போட்டிருக்கிறது. பதவிக்காலம் ஜனவரி 20இல் முடிகிறது; அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் எடுக்கும் விலகல் முடிவு அடுத்த அதிபர் தகுதி பெறும்வரை செல்லாது. அந்தத் தேதி பிறந்த கதை இதுதான். இந்தப் பூட்டு எதனால் செய்யப்பட்டது என்று பார்த்தால்தான் கவலை வருகிறது. தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்று தீர்மானிக்கச் சட்டமன்றத்துக்கு முழு உரிமை உண்டு என்பதே ஒப்பந்தத்தின் அடித்தளம். அந்த உரிமை முழுமையானதென்றால், செப்டம்பரில் மனம் மாறிய சட்டமன்றத்தை ஜூலையின் சட்டமன்றம் எப்படிக் கட்டிப்போட முடியும்? தேர்தல் நாளுக்குப் பிந்தைய தில்லுமுல்லுக்கு ஒரு தடை உண்டு: 2022இன் தேர்தல் எண்ணிக்கைச் சீர்திருத்தச் சட்டப்படி, தேர்தல் நாளுக்கு முன் இயற்றிய மாநிலச் சட்டப்படியே தேர்வாளர்கள் நியமிக்கப்பட வேண்டும். ஆபத்தான இடைவெளி ஜூலை 20 முதல் நவம்பர் 7 வரை. கருத்துக்கணிப்புகள் குவியும் காலமும் அதுவே. மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தம் பின்னால் வரும் மாநிலச் சட்டத்தைவிட வலுவானது என்று ஆதரவாளர்கள் 1951இன் ஒரு தீர்ப்பைக் காட்டுகிறார்கள். அந்த வழக்கின் ஒப்பந்தம் நாடாளுமன்ற ஒப்புதல் பெற்றது. இவர்களோ ஒப்புதலே வேண்டாம் என்கிறார்கள். நியூயார்க்குக்கும் நியூ ஜெர்சிக்கும் இடையிலான துறைமுக ஆணைய ஒப்பந்தத்திலிருந்து நியூ ஜெர்சி தனியாக வெளியேறலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அந்த ஒப்பந்தம் விலகல் பற்றி எதுவும் சொல்லவில்லை, இது சொல்கிறது என்பது நியாயமான பதில். ஆனால் வழக்கு நிற்பது அதிபர் பதவிக்காக என்றால், அந்த நியாயத்தின் மேல் நாட்டையே பந்தயம் கட்ட எனக்குத் தைரியமில்லை.

அடுத்தது கூட்டல். தேசிய வாக்கு எண்ணிக்கை என்று எதையும் அமெரிக்காவில் எந்த அதிகாரியும் சான்றளிப்பதில்லை. ஒப்பந்தம் ஒவ்வொரு மாநிலமும் தரும் அதிகாரபூர்வ எண்ணை இறுதியானதாக எடுத்துக் கூட்டச் சொல்கிறது. கேள்வி கேட்கவோ மறு எண்ணிக்கை கோரவோ வழியில்லை. 1960இல் அலபாமாவில் ஜனநாயகக் கட்சியின் 11 தேர்வாளர்களில் ஐந்து பேர் கென்னடிக்கே வாக்களிப்பதாக உறுதி கொடுத்தவர்கள், ஆறு பேர் யாருக்கும் கட்டுப்படாதவர்கள். அவர்களுக்கு விழுந்த வாக்குகளில் எவ்வளவைக் கென்னடி கணக்கில் எழுதுவது? வழக்கமாக எழுதினால் நாட்டளவில் அவர் ஒரு லட்சத்துச் சொச்சம் முன்னிலை. விகிதப்படி பிரித்தால் நிக்ஸன் முந்துகிறார். ஒப்பந்தம் அன்று இருந்திருந்தால் அதிபரைத் தீர்மானித்திருப்பது அலபாமாவின் தலைநகர் மான்ட்கோமரியில் ஓர் அதிகாரி எழுதிய எண். ஒப்பந்தத்தில் சேராத மாநிலம் வேண்டுமென்றே இடக்கும் செய்யலாம். 2021இல் வட டகோட்டாவின் செனட், தேர்வாளர்கள் வாக்களித்து முடிக்கும்வரை மாநிலத்தின் எண்ணிக்கையை வெளியிடாமல் வைக்க ஒரு மசோதாவை நிறைவேற்றியது; அந்த வடிவில் அது சட்டமாகவில்லை. கூட்டாட்சிச் சட்டப்படி தரும் சான்றிதழிலேயே எண்ணிக்கை இருக்க வேண்டும் என்று ஆதரவாளர்கள் பதில் சொல்கிறார்கள். சரி. 2028இல் அந்தச் சான்றிதழுக்குக் கடைசி நாள் டிசம்பர் 13. உறுப்பு மாநிலங்கள் தம் சான்றிதழைத் தரவும் அதுவே கடைசி நாள். எதிர்தரப்பு மாநிலம் அன்று மாலை எண்ணை அனுப்பினால், கூட்டி முடித்துக் கையெழுத்திட எத்தனை மணி நேரம் மிஞ்சும்?

இதையெல்லாம் சொல்வதால் எதிர்ப்பாளர்களின் வழக்கமான வாதங்கள் சரியாகிவிடாது. சின்ன மாநிலங்களைத் தேர்வாளர் முறை காப்பாற்றுகிறது என்பது காகிதத்தில் உண்மை: 2020 கணக்கெடுப்பின்படி வயோமிங்கில் 1.92 லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர், கலிபோர்னியாவில் 7.32 லட்சம் பேருக்கு ஒருவர். ஆனால் வயோமிங்குக்கு எந்த வேட்பாளர் ஓட்டுக் கேட்டுப் போகிறார்? முடிவு தெரிந்த மாநிலம் சின்னதானாலும் பெரிதானாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பெருநகரங்களே ஆளும் என்பது அடுத்த பயம். நாட்டின் பத்துப் பெரிய நகரங்களின் மக்கள்தொகையைக் கூட்டினால் சுமார் 2.6 கோடி, மொத்த 33 கோடியில் எட்டு சதவீதம். நாடு தழுவிய மறு எண்ணிக்கை குழப்பம் என்பார்கள். இப்போதைய முறையில் அந்த அபாயம் இன்னும் அதிகம். 2020இல் பைடன் நாட்டளவில் 70 லட்சம் வாக்கு முன்னிலை. அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து 43 ஆயிரத்துக்கும் குறைவான வித்தியாசம் மாறியிருந்தால் 269க்கு 269 என்று நின்றிருக்கும்.

ஆக, கோரிக்கையில் குறையில்லை. நாடாளுமன்றம் வேண்டாம் என்ற விளம்பரத்தில்தான் குறை. ஒப்பந்தத்துக்கு ஒப்புதலும், மாநிலங்கள் எண்ணிக்கையை எந்தத் தேதிக்குள் எந்த வடிவில் தர வேண்டும், எப்போது மறு எண்ணிக்கை என்று சொல்லும் ஒரு சாதாரண கூட்டாட்சிச் சட்டமும் இருந்தால் பூட்டு உறுதிப்படும். அதற்குத் திருத்தத்துக்கான மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை. ஆனால் செனட்டில் ஃபிலிபஸ்டரைத் தாண்ட 60 வாக்கு வேண்டும் என்ற பழைய முட்டுக்கட்டை இருக்கிறது. முற்போக்கு அணி எந்தச் சீர்திருத்தத்தை முதலில் கையில் எடுக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிகிறது.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

2024இல் அந்த 209 வாக்குகளும் ஒப்பந்தப்படி போயிருந்தால்? டிரம்ப் 520, ஹாரிஸ் 18.

பாதிக்கு மேல் வாக்கு வேண்டுமா? வேண்டாம், முதலில் வந்தால் போதும். 1992இல் பில் கிளிண்டன் வாங்கியது 43 சதவீதம்.

சமமாக வந்தால்? உறுப்பு மாநிலங்கள் அவரவர் மாநிலத்தில் முந்தியவருக்கே தரும்.

தேர்வாளர் ஒருவர் வாக்கை மாற்றிப் போட்டால்? மாநிலம் அவரைக் கட்டுப்படுத்தலாம் என்று 2020இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2030 கணக்கெடுப்பு பாதிக்குமா? பாதிக்கும், 2032 முதல் ஒவ்வொரு மாநிலத்தின் எண்ணும் மாறலாம், போனமுறை கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய் தலா ஒன்றை இழந்தன.

2028 ஜூலைக்குள் 270 வருமா? விர்ஜினியா, நியூ ஹாம்ப்ஷயர் சேர்த்த அந்த 226ஓடு பென்சில்வேனியாவும் மிச்சிகனும் சேர்ந்தாலும் பத்து குறையும், எனக்கு நம்பிக்கையில்லை.