சுற்றும் வட்டமும் பொறுமையுள்ள பொட்டலமும்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலை. பென்னாகரத்தில் ஒரு வீட்டில் ஐந்து பேர் ஒரே கைப்பேசியைச் சூழ்ந்து நிற்கிறார்கள். பதிவெண் கொடுத்தாயிற்று, பிறந்த தேதியும் கொடுத்தாயிற்று. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "இன்னொரு தரம் அமுக்குடா!" என்கிறார் மாமா. அமுக்கலாமா?

மாணவ நண்பர்களே, அந்த வட்டத்துக்குப் பின்னால் நடப்பதைச் சற்றுப் பார்ப்போம். கணிப்பொறிகள் ஒரு செய்தியை முழுதாக அனுப்புவதில்லை. பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மிகாத பொட்டலங்களாக நறுக்கி, முகவரியும் எண்ணும் இட்டு அனுப்புகின்றன. வழியில் சில தொலைந்து போகலாம். ஆகவே இரு முனைகளுக்கும் இடையே ஓர் உடன்பாடு உண்டு. பெற்றவர் "கிடைத்தது" என்று ஒப்புகை அனுப்ப வேண்டும். குறித்த நேரத்துக்குள் அது வராவிட்டால், அனுப்பியவர் அதே பொட்டலத்தை மறுபடியும் அனுப்ப வேண்டும். இத்தகைய உடன்பாட்டையே நெறிமுறை என்கிறோம். 1974-இல் வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நாம் பயன்படுத்தும் டி.சி.பி. நெறிமுறை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பாலக்கோட்டு வியாபாரி ஒருவர் சேலத்துக்குத் தக்காளி லாரி அனுப்புகிறார் என்று வையுங்கள். தொப்பூர் கணவாயில் நெரிசல், லாரி நிற்கிறது. சேலத்திலிருந்து தகவல் இல்லை. லாரி தொலைந்தது என்று எண்ணி அதே சரக்குடன் இன்னொன்றை அனுப்புகிறார். எல்லா வியாபாரிகளும் அப்படியே செய்தால் கணவாய் என்ன ஆகும்?

இது வெறும் கற்பனையன்று. சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்ற எர்னெட் வலைத்திட்டம் நம் நாட்டில் தொடங்கிய அதே 1986-ஆம் ஆண்டு, அக்டோபரில், அமெரிக்காவின் பெர்க்லியில் இது நடந்தது. சுமார் 400 கஜ தூரத்தில் இருந்த இரு ஆய்வு இடங்களுக்கிடையே நொடிக்கு 32,000 பிட் சென்ற தகவல், 40 பிட்டாகச் சுருங்கிவிட்டது! கம்பி அறுந்துவிடவில்லை. கணிப்பொறிகள் அவசரப்பட்டன; அவ்வளவுதான். வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸ் என்ற இருவர் கண்ட தீர்வு 1988-இல் வெளியாயிற்று. ஒப்புகை வராவிட்டால் பாதையில் நெரிசல் என்று கொள். அனுப்பும் அளவைக் குறை. மறுபடியும் வராவிட்டால் காத்திருக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கு. கண்டுபிடிப்பு என்றால் பெரிய இயந்திரம்தானா என்ன?

இரட்டிப்பின் வலிமையைப் பைத்தான் மொழியில் நீங்களே கணக்கிடலாம். பைத்தானின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமே. ஆனால் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் இடலாம் என்பது பலருக்குத் தெரியாது. முதலில் இவ்விரு வரிகள்:

காத்திருப்பு = 1
மொத்தம் = 0

பிறகு, ஃபார் கட்டளையின் கீழ், சற்று உள்தள்ளி, இவற்றை ஐந்து முறை இயங்கச் செய்யுங்கள்:

மொத்தம் = மொத்தம் + காத்திருப்பு
காத்திருப்பு = காத்திருப்பு * 2

முடிவில் மொத்தத்தை பிரிண்ட் செய்தால் 31 வரும். அதாவது 31 நொடிகளில் ஐந்தே ஐந்து மறு முயற்சிகள். நொடிக்கொரு முறை அனுப்பியிருந்தால் 31 பொட்டலங்கள் பாதையை அடைத்திருக்கும். ஐந்தைப் பத்தாக மாற்றிப் பாருங்கள். விடை உங்களைத் திகைக்க வைக்கும்.

இப்போது மாமாவுக்கு விடை சொல்லலாம். நெறிமுறை 8 நொடி, 16 நொடி என்று பொறுமையாகக் காத்திருக்கும்போது நீங்கள் மறுபடி அமுக்கினால், அந்தக் காத்திருப்பு வீணாகிப் புதிய கோரிக்கை ஒன்று முதலிலிருந்து கிளம்புகிறது. பழைய கோரிக்கைக்கான வேலையை அங்குள்ள கணிப்பொறி இன்னமும் செய்துகொண்டிருக்கக்கூடும். இப்படி லட்சம் விரல்கள் அமுக்கினால் பெர்க்லி கதைதான்.

உங்களுக்கு ஒரு கேள்வி. ஒரே அறையில் ஆயிரம் கைப்பேசிகள், எல்லாம் ஒரே கணத்தில் தோற்று, எல்லாம் சரியாக 1, 2, 4 நொடி என்றே காத்திருந்தால் என்ன ஆகும்? இதற்காக வைஃபை நெறிமுறை காத்திருப்பு நேரத்தைச் சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுக்கிறது. பைத்தானிலும் அப்படிக் குலுக்க வழி உண்டு. உங்கள் நிரலில் சேர்த்துப் பாருங்கள்.