பச்சைச் சட்டை வீரன்

பதுளையிலிருந்து மலையிறங்கி வரும் நெடுந்தெரு, மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் தெருவோடு வந்து கூடும் இடம் செங்கலடி. சென்ற விடுமுறையில் அவ்வூரிலே உறவினர் இல்லமொன்றில் நாம் தங்கியிருந்தோம். வீட்டைத் துப்புரவு செய்யும் வேளை பழைய றங்குப்பெட்டி ஒன்று திறக்கப்பட்டது. அதனுள், பழுப்பேறிய கடதாசிச் சுருளில், விரல் உயரமுள்ள பன்னிரண்டு உலோக வீரர்கள் கிடந்தனர். சிவப்புச் சட்டை, கறுப்புத் தொப்பி, தோளிலே துவக்கு. ஒருவனுக்கு மாத்திரம் பச்சைச் சட்டை.

கொழும்பிலே உத்தியோகம் பார்த்த ஒரு தந்தை தம் மூத்த மகளுக்காக வாங்கி வந்தவை அவை. அம்மகள் இன்று பேரப்பிள்ளைகளைக் கண்ட மூதாட்டி. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைச் சூறையாடிய புயல், அவ்வீட்டின் கூரையையும் கதவு யன்னல்களையும் கொண்டுபோயிற்று. இப்பெட்டியை மட்டும் விட்டுச் சென்றது.

“அம்மா, இவர்களைப் புதிதாக்குவோமே!” என்று குதித்தான் பேரன். தாயும் குத்துவிளக்குத் துலக்கும் பழப்புளியையும் சாம்பலையும் எடுத்து வந்துவிட்டார். “தங்கச்சி, கொஞ்சம் பொறு” என்று நாம் தடுத்தோம்.

தடுப்பதற்கு நமக்கு ஓர் உரிமை உண்டு. பள்ளிப் பருவத்தில், தமையனாரின் அலுமினியக் குதிரையொன்றைப் புதிதாக்க எண்ணி, எரிசோடாக் கரைசலில் இட்டு வைத்தோம். கரைசல் நுரைத்துப் பொங்கியது. வர்ணந்தான் கழல்கிறது என மகிழ்ந்தோம். காலையில் வர்ணமும் இல்லை, குதிரைக்கு முகமும் இல்லை. அண்ணர் நம்மை ஏசவில்லை. ஏசியிருந்தால் என்றோ மறந்திருப்போம்.

ஆகவே, பழைய உலோகப் பொம்மையின் வர்ணத்தை நீக்க விழைவோர் முதலில் மூன்று வினாக்களுக்கு விடை காணவேண்டும். இஃது என்ன உலோகம்? இஃது என்ன வர்ணம்? இதனை நீக்கத்தான் வேண்டுமா?

உலோகத்தை அறிவது பெருங்கடினமன்று. காந்தம் பற்றினால் இரும்பு அல்லது தகரம். வர்ணம் உதிர்ந்த இடத்தில் மஞ்சள் மின்னினால் பித்தளை. அளவுக்கு மீறிக் கனத்து, நகத்தால் அழுத்தினும் வடுப்படுமாயின் அது பெரும்பாலும் ஈயம். கடதாசியில் உரசினால் பென்சில் போலக் கோடு கிழிக்கும். நம் வீரர்கள் கோடு கிழித்தனர்.

ஈய வீரர்களின் வரலாறு சுவையானது. 1893இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் என்பார், அச்சினுள் உருக்கிய ஈயக் கலவையை ஊற்றி, வெளிப்புறம் இறுகியவுடன் உள்ளிருப்பதை வடித்துவிடும் முறையைக் கையாண்டார். பொம்மை உள்ளே பொள்ளலாயிற்று, உலோகம் மிச்சமாயிற்று, விலையும் குறைந்தது. பேரரசு பரவிய நாடெங்கும் அவர் வீரர்கள் அணிவகுத்துச் சென்றனர். ஈயத்தின் தீமை உணரப்பட்டு, 1966இல் அந்நிறுவனம் ஈயப் பொம்மை வார்ப்பதை நிறுத்தியது.

அத்தீமை யாது? ஈயம் உடலிற் புகுந்தால் சிறுவரின் மூளை வளர்ச்சியையே தாக்கும். வாய்வழி புகும் ஈயத்தை வளர்ந்தவரிலும் நான்கைந்து மடங்கு மிகுதியாகக் குழந்தையின் உடல் உறிஞ்சும் என்றும், இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கின்றது. பொம்மையில் மட்டுமன்றி அதன்மேற் பூசிய வர்ணத்திலும் ஈயம் உண்டு. அக்காலத்து வெள்ளை, மஞ்சள், சிவப்பு வர்ணங்கள் பல ஈய உப்புக்களாலானவை. இந்தியாவிலே வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி நடைமுறைக்கு வந்தது 2017இலேதான்.

எனவே, பழைய வர்ணத்தை அரத்தாளால் தேய்ப்பதும் கத்தியாற் சுரண்டுவதும் கூடவே கூடா. எழும் தூசி நஞ்சு. நெருப்பிற் காட்டுவதும் ஆகாது; புகை நஞ்சு என்பது ஒருபுறமிருக்க, ஈயம் 327 பாகை செல்சியசிலே உருகிவிடும். புளியும் தேசிக்காயும் பித்தளைக்கு நண்பர், ஈயத்துக்குப் பகைவர். அவற்றின் அமிலம் ஈயத்தை அரித்துக் கரைசலில் இறக்கிவிடும். அக்கரைசல் படிந்த கையோடு சோறு பிசைந்தால் என்னாகும்?

எரிசோடா ஏன் வர்ணத்தைக் கழற்றுகிறது என்பதை மாணவர்கள் அறிதல் நன்று. பழைய வர்ணத்தின் பசை ஆளிவிதை எண்ணெய். அது காற்றின் ஒட்சிசனை ஏற்று வலைபோற் பின்னி இறுகுவது. ஆதலால் தெப்பந்தைலம் அதனைக் கரைப்பதில்லை. காரமோ அவ்வெண்ணெயைச் சவர்க்காரமாகவே மாற்றிவிடுகிறது. இரும்புக்கு இம்முறை பொருந்தும். ஆனால் அலுமினியம், நாகம், வெள்ளீயம், ஈயம் ஆகியவற்றைக் காரமும் தின்னும். நம் குதிரையின் முகம் போனவாறு இதுவே.

ஈயத்துக்கு ஏற்றது அசற்றோன். கையுறை அணிந்து, காற்றோட்டமான விறாந்தையில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டத்தில் பெரியவர் ஒருவரே இதனைச் செய்யவேண்டும். அசற்றோன் எளிதில் தீப்பற்றும். பொம்மையைப் பஞ்சிற் சுற்றி, அசற்றோன் ஊற்றி, மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் சில மணிநேரம் வைத்தால் வர்ணம் நெகிழும். பின்னர் மென்மையான தூரிகையால், ஈரம் உலராமலே துடைத்தெடுக்கலாம். ஒரே முறையில் முழுவதும் போகவேண்டுமென அவசரப்படலாகாது. பஞ்சையும் கழிவையும் பொதிசெய்து அகற்றுக. கிணற்றடியிலோ வாவியிலோ கொட்டற்க. சமையற் பாத்திரம் எதனையும் இதற்குப் பயன்படுத்தற்க.

மூன்றாம் வினாவுக்கு வருவோம். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் ஓர் இரசாயன ஆய்வுகூடம் நிறுவப்பட்டது. அங்கே பணியாற்றிய அறிஞர் எஸ். பரமசிவன், மண்ணிற் புதைந்து களிம்பேறிய வெண்கலப் படிமங்களைக் காரக் கரைசலில் இட்டு, மின்னோட்டஞ் செலுத்தி மீட்டார். களிம்பிலுள்ள குளோரைட்டு, ஈரக் காற்றில் உலோகத்தைத் தொடர்ந்து அரிக்கும். ஆதலின் அதனை நீக்குவது படிமத்தைக் காப்பதாயிற்று. பளபளப்பாக்குவது அவர்தம் நோக்கமன்று. அழிப்பதை அகற்றுவது பாதுகாப்பு. பழையதென்பதற்காக அகற்றுவது இன்னோர் அழிவு.

இவ்வளவையும் நாம் கூறிக்கொண்டிருக்க, அம்மம்மா பச்சைச் சட்டை வீரனைக் கையிலெடுத்தார். “இவனுடைய சிவப்பு முதலில் உதிர்ந்துபோயிற்று. நான் அழுதேன். அந்நேரம் அப்பா யன்னலுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார், அதே தூரிகையால் இவனுக்கும் ஒரு சட்டை போட்டுவிட்டார்” என்றார்.

அந்த யன்னல்கள் புயலோடு போயின. அவ்வீட்டின் பச்சை இவ்வுலகில் எஞ்சியிருப்பது இந்த ஒரு வீரனின் தோளிலேதான்.

வர்ணம் செதில்செதிலாய் உதிர்ந்த இருவரை மட்டும் நாம் துப்புரவாக்கினோம். பேரன் ஈயமற்ற வர்ணத்தால் அவர்களுக்குப் புதுச் சட்டை தீட்டுவான். மற்றைய பதின்மரும் தொடப்படவில்லை. தவழும் குழந்தையும் உள்ள வீடாதலின் பன்னிருவரும் கைக்கெட்டாத உயரத்தில், மூடிய கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டனர். மரப்பெட்டி ஆகாது, மரத்திலிருந்து எழும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கிவிடும்.

“பச்சைச் சட்டைக்காரனை ஏன் மாமா விட்டுவிட்டீர்கள்?” என்று பேரன் கேட்டான். “அம்மம்மாவைக் கேள், மகன்” என்றோம். அவன் அவர் அருகிற் சென்று அமர்ந்தான்.