பழக்கியவர்கள் நாமே – 7
கொடுத்த கை நின்றால்…

ரந்தாவ், சிலியாவ், லுக்குட் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து வெகுநாளாகிறது. காடு சுருங்கச் சுருங்க, மலாய்க்காரர்கள் கெரா என்று சொல்லும் நீண்டவால் குரங்குகள் லயத்தை நெருங்கி வந்தன. பின்வாசல் படியில் யாரோ பாதி ரொட்டிச் சானாயைப் பிய்த்துப் போடுவார்கள். மறுநாள் அதே நேரத்துக்குக் குரங்கு வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. ஒரு நாள் அது அடுக்களைக்குள் புகுந்து சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கும்போதுதான், இனி எதுவும் போடக் கூடாது என்று முடிவெடுப்போம்.

அப்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வழக்கமான நேரத்துக்கு வந்த குரங்கு படியில் காத்திருக்கும். கை நீளாதபோது தகரக் கூரையில் ஏறிக் குதிக்கும், சன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கும், கொடியில் காயும் துணியை இழுத்துப் போடும், பல்லைக் காட்டும். “கொடுக்காட்டி இன்னும் மோசமால்ல ஆவுது!” என்று வீட்டுக்காரர் ஒரு வாழைப்பழத்தை எறிவார். இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தால்தான் கிடைக்கும் என்ற புதுப் பாடத்தை அந்த ஒரு பழம் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

பரிசு நின்றதும் பழக்கம் தேய்வதற்கு முன்னால் ஒருமுறை பொங்கி எழுவது விலங்குகளிடம் பரவலாகக் காணப்படுவது. அந்தப் பொங்கலைத் தாண்டி உறுதியாக நின்றால் பழக்கம் படிப்படியாக இறங்கும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் இதை எதிர்பாராமல் கண்டார். அவருடைய எலி, கட்டையை அழுத்தினால் தீனி உருண்டை விழும். ஒரு நாள் தீனி தரும் கருவி அடைத்துக்கொண்டது. எலி அழுத்திக்கொண்டே இருந்து, பிறகு மெல்ல மெல்ல ஓய்ந்தது. அந்த இறக்கம் கருவியின் தாளில் வளைகோடாகப் பதிவானது.

இன்னொரு முறை தீனி தீர்ந்துவிடும் நிலை வந்தபோது, ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கொடுக்காமல் நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் கொடுத்தார். எலி சளைக்கவில்லை. எப்போதாவது மட்டும் பரிசு பெற்ற விலங்கு, பரிசு அடியோடு நின்ற பிறகும் நெடுநேரம் விடாமல் முயலும் என்பது பின்னர் பல சோதனைகளில் உறுதியானது. எப்போதோ ஒருமுறை நாலு நம்பர் அடித்தவர் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருப்பதைப் போலத்தான் இதுவும்.

லயத்தில் ஒன்பது வீடுகள் நிறுத்தி, பத்தாவது வீடு மட்டும் அவ்வப்போது இரக்கப்பட்டுப் போட்டால் நடப்பது இதுதான். தினமும் போட்டதைவிட அந்த அரைகுறைக் கொடை பழக்கத்தை ஆழமாக வேரூன்ற வைக்கும். மூடாத குப்பைத் தொட்டியும் ஒரு கொடுக்கும் கைதான்.

ஓய்ந்த பழக்கம் அழிந்துபோவதும் இல்லை. ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவ் தம் நாய்களுக்கு உணவுக்கான அறிகுறியை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டி, உணவைக் கொடுக்காமல் இருந்தார். எச்சில் ஊறுவது நின்றது. ஆனால் இடைவெளி விட்டு மீண்டும் காட்டியபோது திரும்பவும் ஊறியது. பல மாதம் வராத குரங்கு தீபாவளி மறுநாள் படியில் வந்து நின்றால், நம் முயற்சி தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். அன்றும் எதுவும் கிடைக்காவிட்டால் முன்னைவிடச் சீக்கிரமே திரும்பிவிடும்.

“பாவம், பட்டினி கிடந்து சாகாதா?” என்று கேட்பவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. காட்டு அத்தி, இளந்தளிர், சதுப்புநில நண்டு, உதிர்ந்த செம்பனைப் பழம் என்று கெராவுக்குத் தின்ன எத்தனையோ உண்டு. அதைச் சாகடிப்பது நம் ரொட்டிதான். மனிதரை அண்டிப் பழகிய குரங்கு கடித்தால் புகார் போகிறது, பிறகு கூண்டோ துப்பாக்கியோ வருகிறது. 2022-இல் இந்த இனத்தை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் ஆபத்தில் உள்ளதாக அறிவித்தது. சிங்கப்பூரில் 2020 ஜூன் முதல் காட்டு விலங்குக்கு உணவு போடுவது குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம்.

நம் லயத்துக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எல்லா வீடும் ஒரே நாளில் நிறுத்த வேண்டும், தொட்டிகளை இறுக மூட வேண்டும், முதல் சில நாள் ஆர்ப்பாட்டத்துக்கு அசையாமல் இருக்க வேண்டும். கல்லெறிய வேண்டாம். நாம் கற்றுக்கொடுத்ததைத்தான் அது செய்கிறது. மறக்க வைக்கும் பொறுப்பும் நம்முடையதே.

அடுத்த வாரம்: நஞ்சு வைத்த இரையைச் செம்பனைத் தோட்டத்து எலி மறுமுறை ஏன் தொடுவதில்லை?