விளக்கெண்ணெய் குடித்த விமானங்கள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையின் பழைய தெருக்களில் அடிபம்பு அடித்துப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். நாலு நாள் சும்மா கிடந்த பம்ப் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் தராது. தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி விடாமல் அடித்தால், காய்ந்து கிடந்த தோல் வாசர் நனைந்து உப்பும், இடுக்கு அடைபடும், கை கனக்கும், தண்ணீர் ஏறிவிடும். புதிதாகப் பூட்டிய விமான எஞ்சினின் எண்ணெய் பம்ப்புக்கும் இதே சிக்கல்தான். ஆனால் அங்கே பம்ப் ஏறாவிட்டால் எஞ்சினே போய்விடும்.

நான் சொல்வது முதல் உலகப் போர்க்கால ரோட்டரி எஞ்சினை. பாரிஸில் செகான் சகோதரர்கள் 1908இல் கொண்டுவந்த 'நோம்' எஞ்சின் இந்த வகையில் பேர்பெற்றது: ஏழு சிலிண்டர், 50 குதிரைத்திறன். வழக்கமான எஞ்சினில் சிலிண்டர்கள் நிற்கும், கிராங்க் ஷாஃப்ட் சுற்றும். இதில் எல்லாம் தலைகீழ். கிராங்க் ஷாஃப்ட்டை விமானத்தின் உடம்போடு சேர்த்து இறுகப் பூட்டிவிட்டார்கள். சிலிண்டர்கள் அத்தனையும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றின. சுற்றுகிற வேகத்திலேயே சூடு ஆறிவிடும். ரேடியேட்டர் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், எடையும் மிச்சம்.

இன்று ரோட்டரி என்றால் பலருக்கு வாங்கெல் எஞ்சின்தான் நினைவுக்கு வரும். அது வேறு சாதி: கூடு அசையாது, உள்ளே முக்கோண உருளை மட்டும் சுழலும். பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகமும் டி.ஆர்.டி.ஓ. ஆய்வகங்களும் சேர்ந்து செய்த 55 குதிரைத்திறன் வாங்கெல் எஞ்சின், 2009 மார்ச்சில் கோலாரில் 'நிஷாந்த்' ஆளில்லா விமானத்தைப் பறக்கவைத்தது.

நோமுக்கு வருவோம். மொத்த எஞ்சினும் சுற்றும்போது, எண்ணெய் வடிந்து தேங்க அடியில் சம்ப் வைக்க முடியாது. அதனால் எண்ணெய்க்கு ஒருவழிப் பயணம். சுழலாத பின்பக்கத்தில் பொருத்திய சிறிய பிஸ்டன் பம்ப், உள்ளே குழாய் ஓடும் கிராங்க் ஷாஃப்ட் வழியாக எண்ணெயைத் தள்ளும். அங்கிருந்து மையவிலக்கு விசை அதைப் பிடித்துக்கொள்ளும்: பேரிங், பிஸ்டன், சிலிண்டர் சுவர் என்று வெளிநோக்கி வீசி, கடைசியில் புகையோடு சேர்த்து வெளியே கொட்டிவிடும். மணிக்குப் பல லிட்டர் இப்படியே போகும்.

அந்த எண்ணெய் நம் வீட்டு விளக்கெண்ணெய். ருசிக்காகவோ மலிவுக்காகவோ அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பெட்ரோல் கலந்த காற்று கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகும். கச்சா எண்ணெயிலிருந்து வரும் தாது எண்ணெயாக இருந்தால் பெட்ரோல் அதைக் கரைத்துக் கழுவிவிடும். ஆமணக்கெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். அதன் மூலக்கூறில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதியால் பெட்ரோலில் அது எளிதில் கரையாது, உலோகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும். தண்ணீரைவிடப் பல நூறு மடங்கு பிசுபிசுப்பும் உண்டு. விமானியின் முகத்திலும் கழுத்துத் துணியிலும் நாள் முழுக்க இந்தப் புகைதான் படியும். அவர்கள் வயிறு பட்ட பாட்டைப் பற்றிய கதைகளுக்குப் பஞ்சமில்லை. குழந்தைக்கு விளக்கெண்ணெயைப் பேதிக்குக் கொடுத்த வீடுகளில் யாரும் அவற்றைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

இந்தப் புகையைச் சுவாசித்த இந்தியர்களில் ஒருவர் ஹர்தித் சிங் மாலிக். 1917இல் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்து, ரோட்டரி எஞ்சின் பூட்டிய சாப்வித் கேமல் ஓட்டியவர். அந்த ஆண்டு அக்டோபர் 26 அன்று நடந்த சண்டையில் காலில் குண்டு பாய்ந்தும் தரை சேர்ந்தார். பின்னாளில் அவரே பிரான்சில் இந்தியத் தூதர். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபோது பாரிஸில் அந்த நாற்காலியில் இருந்தவர் இவர்தான்.

எண்ணெய் எவ்வளவு முக்கியம் என்பதை ஜெர்மனியைக் கேட்டால் சொல்லும். போர்க்காலக் கடல் முற்றுகையால் ஆமணக்கு வரத்து நின்றது. 'வோல்டால்' என்ற மாற்று எண்ணெயை ஊற்றினார்கள். 1918இல் அவர்களுடைய புதிய ரோட்டரி எஞ்சின்கள் சூடேறி இறுகிப் பழுதாயின. அருமையான விமானங்கள் தரையில் நின்றன. ஆமணக்கு விளையும் நாடு பிரிட்டன் கையில் இருந்ததை நினைத்தால், போர் வரலாற்றில் நம் கொட்டைமுத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்த எஞ்சின்கள் அருங்காட்சியகத்தோடு முடிந்துவிடவில்லை. நியூசிலாந்தில் பழைய வரைபடங்களை வைத்து நோம் எஞ்சின்களைப் புதிதாகவே செய்கிறார்கள். பழைய எஞ்சினில் இண்டு இடுக்கெல்லாம் எண்ணெய் ஊறியிருக்கும். புதிதில் ஒன்றும் இராது. பம்ப்பும் காய்ந்து, குழாய் முழுக்கக் காற்று. பிஸ்டன் தள்ளும்போது காற்று அமுங்கும், பின்வாங்கும்போது விரியும். அவ்வளவுதான், எண்ணெய் அசையாது. நம் மெக்கானிக்குகள் 'ஏர் பிடிச்சிருக்கு' என்பார்களே, அது. நிமிடத்துக்கு 1,200 சுற்று ஓடும் எஞ்சினில் எண்ணெய் வந்து சேரப் பத்து விநாடி ஆனால், அதற்குள் 200 சுற்று உலோகத்தோடு உலோகம் உரசியிருக்கும். புத்தம்புது பரப்பில் இயந்திரக் கடைசலின் நுண்ணிய முகடுகள் இன்னும் தேயாமல் நிற்கும். அவை சூடேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அதனால்தான் ஸ்டார்ட் செய்வதற்கு முந்தைய வேலை நிதானமாக நடக்கும். குளிர் நாட்டில் விளக்கெண்ணெய் தேன் போல் இறுகிவிடும் என்பதால் முதலில் சூடாக்கிக்கொள்வார்கள். டேங்க் குழாயைத் திறந்து, பம்ப் வாயில் இருக்கும் இணைப்பைச் சற்றே தளர்த்துவார்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழ், பிறகு அறுபடாத இழையாக எண்ணெய். உடனே இறுக்கிவிட்டு, பம்ப்பைக் கையால் சுற்றி, மறுமுனைக் குழாயிலும் காற்றில்லாமல் வருகிறதா என்று பார்ப்பார்கள். அதன்பின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனை அணைத்து, புரொப்பெல்லரைக் கையால் பல சுற்று சுற்றுவார்கள். கீழ் சிலிண்டரில் அளவுக்கு மீறித் தேங்கிய எண்ணெய் இருந்தால் பிளக் துளை வழியாக வழிந்துவிடும். தேங்கியபடி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடே வளைந்துபோகும். எண்ணெயை அமுக்க முடியாதல்லவா!

விமானி முன்னே பல்சேட்டர் என்று ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும். பம்ப் தள்ளும் ஒவ்வொரு முறையும் அதற்குள் எண்ணெய் மட்டம் ஏறி இறங்கும். கடிகாரத்தைப் பார்த்து அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் எஞ்சினின் வேகத்தையே கணக்கிட்டுவிடலாம். முதல் ஓட்டத்தில் எஞ்சின் பற்றியதும் எல்லோர் கண்ணும் அந்தக் குமிழில்தான். சில விநாடிகளில் எண்ணெய் துடிக்கத் தொடங்காவிட்டால் சுவிட்சை அணைத்துவிட்டு, தளர்த்திய இணைப்பிலிருந்து மறுபடி வேலையைத் தொடங்க வேண்டும்.